வேற்றுலகில் உயிர் உண்டா?

(பல்லேபொலவில் எமது இந்து வாலிபர் மன்றத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள் நமது ஊருக்கு மிகத் தொலைவில் உள்ளது போலத் தோன்றலாம். ஆயினும் அது எமக்கு இவ்வூர் வழியிலேயே கிடைத்தது என்பதை முதலிற் சொல்லிவிடுகின்றோம்.

ஆடி அமாவாசைக்கு மறுநாள் இரவு, மாத்தளையிலிருந்து நாம் சிலர் ஒரு வேனில் திரும்பிக்கொண்டிருந்தோம். வழியிலே சில்லொன்று காற்றுப் போய்விட்டது. மிளகுக்கொடி படர்ந்த மரங்கள் இருமருங்கும் நிற்கும் இருட்டு வளைவொன்றில் இறங்கி நின்றோம். சாரதி சில்லைக் கழற்றி மாட்டும் வரை நமக்கு வேலை ஒன்றுமில்லை; வானத்தை அண்ணாந்து பார்த்தோம். தெற்கே விருச்சிகம் வால் சுருட்டிக் கிடந்தது. அதனூடே பால்வீதி, வாசலிற் சிந்திய கோலமாவு போல நீண்டு கிடந்தது. அப்பொழுது எம்முடன் வந்த சிறுவன் ஒருவன் கேட்டான்: "அண்ணே, அங்கேயும் நம்மள மாதிரி ஆளுக இருப்பாங்களா?"

உடன் நின்ற பெரியவர் ஒருவர் தயங்காமற் சொன்னார்: "பதினாலு லோகம் இருக்குன்னு பெரியவங்க சொல்லியிருக்காங்க தம்பி. இல்லாமப் போகுமா?" உயர்தர வகுப்பிலே விஞ்ஞானம் படிக்கும் இளைஞரொருவர் சிரித்தார். "யார் போய்ப் பார்த்தாங்க தாத்தா? காட்டினா நம்பலாம்" என்றார். பெரியவரின் முகம் வாடியது. இருவரும் எம்மைப் பார்த்தனர். அன்று எம்மிடம் தகுந்த விடை இருக்கவில்லை. சில்லு மாட்டியாயிற்று, ஏறி வந்துவிட்டோம். அன்று சொல்லத் தவறியதை இன்று சொல்ல முயல்கின்றோம்.

முதலிலே பெரியவரின் பக்கத்தை எடுத்துக்கொள்வோம். உலகம் ஒன்றன்று, பல என்ற எண்ணம் நம்மவர்க்குப் புதிதன்று. அண்டங்கள் நூறு கோடிக்கும் மேலாக விரிந்து கிடப்பதாக மணிவாசகப் பெருமான் திருவண்டப்பகுதியிலே பேசுகின்றார். மனிதன் தன்னையே உலகின் நடுவென்று எண்ணி இறுமாந்திருந்த காலத்திலே இவ்வளவு விரிந்து சிந்தித்தது பெருமைக்குரியதே. ஆயினும், அந்தப் பெருமையைக் கொண்டுபோய் விஞ்ஞானச் சான்றாக வைத்தல் தகாது. இறைவனின் பெருமையைச் சொல்ல வந்த பாடலை இரசாயனப் பரிசோதனை அறிக்கையாக்கினால் பாடலுக்கும் சிறுமை, பரிசோதனைக்கும் சிறுமை. பாடல் நமக்குத் தருவது மனத்தின் விரிவு. சான்றை நாமே தேட வேண்டும்.

அப்படித் தேடியவர்களுள் ஒருவர் நமது நாட்டவர் என்பது நம்மிற் பலர் அறியாத செய்தி. அவர் பேராசிரியர் சிறில் பொன்னம்பெரும. 1923ஆம் ஆண்டு காலியிலே பிறந்தவர். அவர் முதலிற் கற்றது இரசாயனமன்று, தத்துவம். சென்னைப் பல்கலைக்கழகத்திலே தத்துவம் பயின்று 1948இல் பட்டம் பெற்றார். பின்னர் இலண்டன் சென்று இரசாயனம் கற்றார். அங்கே பேரறிஞர் பேர்னால் என்பாரிடம், உயிரற்ற பொருளிலிருந்து உயிர் எவ்வாறு தோன்றியது என்னும் கேள்வி அவரைப் பற்றிக்கொண்டது. அமெரிக்கா சென்று, நோபெல் பரிசு பெற்ற மெல்வின் கல்வினிடம் ஆராய்ந்து 1962இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். அதன்பின் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவின் ஆய்வுகூடத்திலே உயிரின் தோற்றம் பற்றிய ஆராய்ச்சியில் ஈடுபட்டார்.

அவர் செய்தது என்ன? உயிர் தோன்றுமுன் இப்பூமி எவ்வாறிருந்திருக்கும் என்று எண்ணிப் பார்த்தார்கள் விஞ்ஞானிகள். நீர், மெதேன், அமோனியா போன்ற எளிய பொருள்களே அன்று இருந்தன என்று கொண்டு, அவற்றைக் கண்ணாடிக் குடுவையில் அடைத்து மின்பொறி பாய்ச்சினார் ஸ்ரான்லி மில்லர். இதன் முடிவு 1953இல் வெளியானது. சில நாட்களில் அமினோ அமிலங்கள் உண்டாயின. நமது தசையிலும் இரத்தத்திலும் புரதம் உண்டு. புரதத்தின் செங்கற்கள் அமினோ அமிலங்கள். பொன்னம்பெரும அவர்களும் அவருடைய கூட்டாளிகளும் அடுத்த படியை எடுத்து வைத்தனர். அத்தகைய எளிய பொருள்களிலே இலத்திரன் கதிரைப் பாய்ச்சி, பரம்பரைப் பொருளின் எழுத்துக்களுள் ஒன்றாகிய அடினீன் உண்டாவதை 1963இற் காட்டினர். அதே ஆண்டிலே, உடலின் ஒவ்வொரு கலத்தினுள்ளும் சக்தியை ஏந்திச் செல்லும் ஏ.ரி.பி. என்னும் பொருளும் புறஊதாக் கதிரின் உதவியால் உருவாகக் கூடும் என்று கார்ல் சேகன் முதலானோருடன் சேர்ந்து அறிவித்தார்.

இதனால் அவர்கள் உயிரை உண்டாக்கிவிட்டார்கள் என்று எவரும் எண்ணிவிடலாகாது. செங்கல் வேறு, கோபுரம் வேறு. செங்கல் தானே உண்டாகும் என்று காட்டினார்கள். செங்கற்கள் தாமே கோபுரமாக எழுவதை இன்றுவரை எவரும் காட்டவில்லை. இந்த இடைவெளியை மறவாதிருத்தல் வேண்டும்.

செங்கற்கள் பூமியில் மட்டுந்தான் உண்டாகுமா? 1969ஆம் ஆண்டு செப்டெம்பர் 28ஆம் நாள் அவுஸ்திரேலியாவிலே மேர்ச்சிசன் என்னும் ஊரில் விண்கல்லொன்று விழுந்தது. அதன் துண்டுகளைப் பொன்னம்பெரும அவர்களின் குழு ஆராய்ந்தது. உள்ளே அமினோ அமிலங்கள் இருந்தன. உடனே எழும் சந்தேகம் என்ன? விழுந்த இடத்து மண்ணிலிருந்தோ, எடுத்தவரின் கைவியர்வையிலிருந்தோ அவை ஒட்டியிருக்கலாமன்றோ?

இதற்கு அவர்கள் கண்ட விடை அழகானது. சங்கிலே வலம்புரியும் இடம்புரியும் உண்டென்பது நமக்குத் தெரியும். இரண்டும் சங்கே, சுழி மட்டும் கண்ணாடியிற் கண்டதுபோல மாறியிருக்கும். அமினோ அமிலங்களிற் பெரும்பாலானவற்றுக்கும் இவ்விரு வடிவங்கள் உண்டு. ஆனால் பூமியிலுள்ள உயிர்கள் தம் புரதங்களைக் கட்டுவதற்கு ஒருபக்கச் சுழியையே பயன்படுத்துகின்றன. கைவியர்வையில் வந்திருந்தால் ஒருசுழியே மிகுந்திருக்கும். அந்தக் கல்லிலோ இரு சுழிகளும் ஏறத்தாழச் சம அளவில் இருந்தன. பூமியின் உயிர்கள் பயன்படுத்தாத சில அமினோ அமிலங்களும் உடனிருந்தன. எனவே அவை வானிலேயே உண்டானவை என்று 1970இல் அவர்கள் எழுதினர். அண்மையில் இதற்கு வலுவான துணை கிடைத்திருக்கின்றது. பென்னு என்னும் சிறுகோளிலிருந்து நாசாவின் விண்கலம் நேரே அள்ளிய மண், 2023ஆம் ஆண்டு செப்டெம்பரிற் பூமிக்கு வந்தது. அதில், நமது புரதங்களிலுள்ள 20 அமினோ அமிலங்களுள் 14உம், பரம்பரைப் பொருளின் ஐந்து எழுத்துக்களும் இருந்தன என்று 2025 ஜனவரியில் அறிவித்தனர். உயிரின் செங்கற்கள் வானெங்கும் சிந்திக் கிடக்கின்றன என்பதை இப்போது ஐயமின்றிச் சொல்லலாம்.

பொன்னம்பெரும அவர்கள் வெளிநாட்டுப் புகழோடு நின்றுவிடவில்லை. 1980களில் கண்டியில், ஹந்தானையிலுள்ள அடிப்படைக் கற்கைகள் நிறுவகத்துக்குப் பணிப்பாளராக வந்து நாட்டு இளைஞர்களை ஆராய்ச்சிக்குத் தூண்டினார். 1994இல் மறைந்தார். நாம் கண்டிக்குப் போகும்போதெல்லாம் ஹந்தானை மலையைப் பார்க்கின்றோம். உயிரின் பிறப்பை ஆராய்ந்த ஒருவர் அம்மலையிலிருந்து பணியாற்றினார் என்பதை இனி நினைத்துக்கொள்வோமாக.

இனி இளைஞரின் பக்கத்துக்கு வருவோம். "காட்டினா நம்பலாம்" என்றார் அவர். நல்ல சொல். ஆனால் காட்டப்படுவதை எல்லாம் நம்பலாமா என்ற கேள்வி உடனே எழுகின்றது. அதற்கும் நமது அயல் மாவட்டத்திலேயே பாடம் இருக்கின்றது.

2012ஆம் ஆண்டு டிசெம்பர் 29ஆம் நாள் பொலன்னறுவைப் பகுதியிலே வானில் ஒரு தீக்கோளம் தோன்றியதாகவும், அதன்பின் கற்கள் கண்டெடுக்கப்பட்டதாகவும் செய்தி வந்தது. அக்கற்களைப் பேராசிரியர் சந்திர விக்கிரமசிங்கவின் குழு ஆராய்ந்தது. அவரும் நமது நாட்டவரே; 1939இற் கொழும்பிலே பிறந்து, வானியலறிஞர் பிரெட் ஹொயிலுடன் பல்லாண்டு பணிசெய்தவர். விண்மீன்களிடைத் தூசியிலே காபன் நிறைந்திருக்கின்றது என்பதை முன்னோடியாக எடுத்துச் சொன்னவர். உயிரின் வித்துக்கள் வால்வெள்ளிகள் வழியாக உலகுக்கு உலகு பரவுகின்றன என்பது அவர்தம் கொள்கை. பொலன்னறுவைக் கற்களினுள் தயற்றம் என்னும் நுண்ணிய பாசியின் உயிர்ச்சுவடுகள் இருப்பதாக 2013 ஜனவரியில் அக்குழு அறிவித்தது.

கேட்ட நமக்கெல்லாம் நெஞ்சு நிமிர்ந்தது உண்மை. உலகின் மிகப்பெரிய கேள்விக்கு நமது அயலூர் வயற்புறத்திலேயே விடை கிடைத்துவிட்டதா என்று மகிழ்ந்தோம். ஆனால் பிற நாட்டு ஆய்வாளர்கள் இரண்டு கேள்விகள் கேட்டனர். ஒன்று: அக்கற்கள் விண்ணிலிருந்து விழுந்தவைதாம் என்பதற்கு உறுதியான சான்று எங்கே? இரண்டு: காட்டப்பட்ட பாசிகள் நமது குளங்களிலும் ஆறுகளிலும் வாழும் நன்னீர்ப் பாசிகளையே ஒத்திருக்கின்றனவே, அவை மண்ணிலிருந்து கல்லிற் புகுந்திருக்கலாகாதா? இக்கேள்விகளுக்கு விஞ்ஞான உலகம் ஏற்கத்தக்க விடை கிடைக்கவில்லை. அந்த அறிவிப்பு பொதுவாக ஏற்றுக்கொள்ளப்படவுமில்லை.

மேர்ச்சிசன் கல்லையும் பொலன்னறுவைக் கல்லையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் நமது நாட்டு அறிஞர் பெயர் உண்டு. முதற் கல்லிலே, "இது நமது கைப்பட்ட அழுக்காக இருக்கலாமோ?" என்று ஆராய்ந்தவர்களே கேட்டு, அதற்கு விடையும் கண்டனர். இரண்டாவது கல்லிலே அக்கேள்விக்கு விடை வரவில்லை. நம்மவர் சொன்னார் என்பதற்காக ஒன்றை ஏற்பதும், அயலார் மறுத்தார் என்பதற்காகச் சினப்பதும் அறிவுக்கு வழியாகா. இதைச் சொல்வது எமக்கும் எளிதாக இல்லை. அன்று பத்திரிகைத் துண்டை வெட்டி வைத்தவர்களுள் நாமும் ஒருவர்.

இப்போது சூரியனுக்கு அப்பாற் செல்வோம். நமது பால்வீதியிலே பத்தாயிரம் கோடிக்குக் குறையாத விண்மீன்கள் உள்ளன. அவற்றுக்குக் கிரகங்கள் உண்டா என்பது நீண்ட காலம் ஊகமாகவே இருந்தது. சூரியனைப் போன்ற விண்மீனொன்றைச் சுற்றும் கிரகத்தை முதன்முதற் கண்டது 1995இலே தான். இன்றோ கண்டறிந்த கிரகங்கள் ஆறாயிரத்தை எட்டிவிட்டன. விண்மீன்கள் எத்தனையோ, ஏறத்தாழ அத்தனைக்குக் குறையாமற் கிரகங்களும் உண்டு என்று கணிக்கின்றனர்.

இவற்றுள் ஒன்றைப் பற்றி அண்மையிற் பெரும் பேச்சு எழுந்தது. கே2-18பி என்பது அதன் பெயர். 124 ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் நிக்கு மதுசூதன் என்பவர் அதனை ஆராய்கின்றார். இந்தியாவிற் பிறந்து, காசியிலே இந்துப் பல்கலைக்கழகத் தொழில்நுட்ப நிறுவனத்திற் கற்றவர் அவர். அக்கிரகத்தின் காற்றிலே மெதேனும் காபனீரொட்சைட்டும் உண்டென்று 2023இல் அவர் குழு அறிவித்தது. பூமியிலே பெரும்பாலும் கடற் பாசிகளால் உண்டாகும் ஒரு கந்தகச் சேர்வையின் சாயலும் தெரிகின்றது என்று 2025 ஏப்பிரலிற் சொன்னது. ஆனால் அச்சாயல் தற்செயலாகத் தோன்றியிருக்க ஆயிரத்தில் மூன்று பங்கு வாய்ப்பு உண்டென அவர்களே சொன்னார்கள். விஞ்ஞானம் கேட்பதோ பத்து இலட்சத்தில் ஒன்றுக்கும் குறைந்த ஐயம். அதே தரவுகளை ஆராய்ந்த வேறு குழுக்கள், சான்று போதாது என்றன. ஆகவே இங்கும் விடை இன்னும் வரவில்லை.

சரி, வாய்ப்பைக் கணக்கிட முடியாதா? பிராங் டிரேக் என்னும் அமெரிக்க வானியலாளர் 1961இல் அதற்கொரு வழி சொன்னார். அதனை நம்மூர் முறையிற் சொல்வோம். பல்லேபொலவில் இன்று காய்க்கும் பலாமரங்கள் எத்தனை என்று எண்ணாமலே அறிய வேண்டுமாயின் என்ன செய்வோம்? ஆண்டுக்கு எத்தனை கொட்டைகள் மண்ணில் விழும், அவற்றுள் எத்தனை முளைக்கும், எத்தனை ஆடு மாட்டுக்குத் தப்பும், தப்பியவற்றுள் எத்தனை காய்க்கும், காய்த்த மரம் எத்தனை ஆண்டு நிற்கும் என்று ஒவ்வொன்றாகப் பெருக்குவோம். டிரேக் செய்ததும் அதுவே. விண்மீன்கள் எத்தனை, கிரகங்கள் எத்தனை, அவற்றில் உயிர் முளைப்பது எத்தனை, அறிவு வளர்வது எத்தனை, அந்த அறிவு எத்தனை காலம் அழியாமல் நிற்கும் என்று பெருக்கினார்.

முதல் இரண்டு எண்களை இன்று ஓரளவு அறிவோம். மூன்றாவது எண்ணிலே தடுக்கி நிற்கின்றோம். ஏனெனில் உயிர் முளைத்த இடமாக நாம் கண்டது பூமி ஒன்றே. வாழ்நாளில் ஒரேயொரு பலாமரத்தைக் கண்டவன், பலாக்கொட்டை முளைப்பது எளிதா அரிதா என்று எவ்வாறு சொல்வான்? பூமி தோன்றி 450 கோடி ஆண்டுகள். 350 கோடி ஆண்டுகளுக்கு முன்னரே உயிர் இருந்ததற்குச் சான்றுகள் உள்ளன. இவ்வளவு விரைவில் வந்ததாயின் உயிர் முளைப்பது எளிதென்று சிலர் வாதிப்பர். ஆயின் அந்த உயிர் நெடுங்காலம் நுண்ணுயிராகவே இருந்தது. கண்ணாற் காணத்தக்க பிராணிகள் தோன்றி அறுபது கோடி ஆண்டுகள் அளவே ஆகின்றன. வானொலி பேசக் கற்று நூற்றுச் சொச்ச ஆண்டுகளே. ஆதலின் உயிர் மலிவாகவும் அறிவு அரிதாகவும் இருக்கலாம்.

இதனாலேதான் அருகிலேயே தேடுகின்றனர். செவ்வாயிலோ, சனியின் துணைக்கோளாகிய என்செலடசின் பனியடிக் கடலிலோ, நம்மோடு தொடர்பின்றித் தானே முளைத்த ஒரு நுண்ணுயிர் அகப்பட்டாற் போதும். ஒரே சூரியன் வீட்டிலே இரண்டு தரம் உயிர் முளைத்ததாயின், பால்வீதியெங்கும் அது முளைத்திருக்கும் என்று துணிந்து சொல்லலாம். வியாழனின் துணைக்கோள் யூரோப்பாவை ஆராய 2024 ஒக்டோபரிலே ஒரு விண்கலம் புறப்பட்டது. 2030இல் அது வியாழனை அடைய வேண்டும். இன்று எமது முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் அப்போது இளைஞராயிருப்பர்.

அறிவுள்ள உயிர்கள் இருப்பின் ஏன் வரவில்லை என்று கேட்பார் உளர். தூரத்தை நினைத்துப் பாருங்கள். ஒளி ஒரு விநாடியில் மூன்று இலட்சம் கிலோமீற்றர் செல்லும். அடுத்த விண்மீனுக்குச் செல்ல அதற்கே நான்கு ஆண்டுகளுக்கு மேல் ஆகும். 1977இற் புறப்பட்ட வொயேஜர் கலத்தின் வேகத்திற் போனால் எழுபதினாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகும். வராமை இல்லாமைக்குச் சான்றன்று. அதே போல, வானம் பெரிதாயிருப்பது மட்டும் இருப்பதற்குச் சான்றாகாது.

அன்பர்களே! அன்றிரவு கேட்ட சிறுவனுக்கு எமது விடை இதுதான்: தம்பி, உயிர்க்கு வேண்டிய பொருள்கள் அங்கே நிறைய உண்டு, தங்குவதற்கு இடமும் கணக்கில்லாமல் உண்டு. எங்கோ உயிர் இருக்கக்கூடும் என்று எண்ணுவதற்கு நல்ல நியாயம் உண்டு. ஆனால் இருக்கின்றது என்று இன்னும் எவரும் காட்டவில்லை. அந்த வேலை உனக்காகக் காத்திருக்கின்றது.

பெரியவருக்கும் இளைஞருக்கும் நாம் சொல்வதும் ஒன்றே. "தெரியாது" என்ற சொல் தோல்விக்குரியதென்று நினைப்பதனாலேயே ஒருவர் நூலைத் துணைக்கழைத்தார். மற்றவர் சிரிப்பைத் துணைக்கழைத்தார். "இன்னும் தெரியாது, தேடுவோம்" என்று சொல்லியிருந்தால் இருவரும் ஒரே பக்கத்தில் நின்றிருப்பர். தத்துவம் படித்த ஒருவர் சோதனைக் குடுவையை ஏந்திய கதையை இன்று கேட்டோம். நமக்குள்ளும் அந்த இரண்டும் பகையின்றி இருக்கலாம்.

இறுதியாக மன்றத்திடம் ஒரு வேண்டுகோள். மாதந்தோறும் அமாவாசையை அடுத்து மேகமில்லாத ஓர் இரவிலே, நமது பிள்ளைகளை ஒரு திறந்த வெளிக்கு அழைத்துச் சென்று வானத்தைக் காட்டுவோம். பெரியவர்கள் தமக்குத் தெரிந்த நட்சத்திரப் பெயர்களைச் சொல்லட்டும். படித்த இளைஞர்கள் அவற்றின் தூரத்தைச் சொல்லட்டும். பெரிய கருவி வேண்டியதில்லை. ஒரு பாயும், கேள்வி கேட்கும் பிள்ளையைச் சிரித்து அடக்காத இரண்டு பெரியவர்களும் போதும். அன்று பழுதான சில்லு எமக்குச் செய்த உபகாரத்தை இனி நாமே பிள்ளைகளுக்குச் செய்வோமாக.